நாலாயிரம் பேருக்காகக் காத்திருந்த குருவம்மாள்

நாரணாபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து குருவம்மாள் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். மனுக்காரி வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் தெரு யாருக்கும் சளைத்ததில்லை. தெருவிளக்கு எரியவில்லையா, மனு. அடிபம்பில் தண்ணீருக்குப் பதில் காற்று வருகிறதா, மனு. டவுன் பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போகிறதா, அதற்கும் மனு. கடைசியில் அந்த பஸ் டிரைவர் ஆள் இல்லாவிட்டாலும் எங்கள் நிறுத்தத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனார். அவளைப் பார்த்துச் சிரித்ததும் நாங்கள்தான், அந்த பஸ்ஸில் ஏறிப் போனதும் நாங்கள்தான்.

அவள் பால்வாடி ஆயா. காலையில் விடிந்தும் விடியாமலும் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து தெருவில் உள்ள ஆண் பெண் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்கு முன்னால் பெண்கள் தூக்கம் கலையாத பிள்ளைகளைக் கொண்டுவந்து குருவம்மாள் கையில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். பால்வாடி திறக்கிற நேரம் அதுவல்ல. டீச்சர் வருவதற்கே இன்னும் மூன்று மணி நேரம் கிடக்கும். ஆனாலும் அவள் திறந்து வைத்திருப்பாள். சாயங்காலம் வேன் திரும்புகிற வரைக்கும் இருபது பிள்ளைகளுக்குக் குறையாமல் அவள் பொறுப்பு. அவளுக்கென்று பிள்ளை இல்லை. இருந்திருந்தால்கூட இத்தனை மூக்கு சிந்திவிட்டிருக்க மாட்டாள் என்று பக்கத்து வீட்டு இருளம்மாள் கேலி செய்வாள். கேலி செய்வதும் இருளம்மாள்தான், காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி கொண்டுவருவதும் இருளம்மாள்தான்.

பால்வாடிச் சுவருக்கும் கம்பெனிக் கிட்டங்கிச் சுவருக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் நிற்கிற அளவுக்குத்தான் இடம். செய்து முடித்த வெடிகளையெல்லாம் சீசன் வரும்வரை அடுக்கி வைக்கிற கட்டடம் அது. ஆடி பிறந்தால் லோடு லோடாக வந்து இறங்கும். தீபாவளிக்கு முன்னால் லாரிகள் வந்து வாரிக்கொண்டு போகும். அந்த மாதங்களில் அந்தப் பக்கம் போகும்போது ஆண்கள் வாயில் இருக்கிற பீடியைத் தெரு முக்கிலேயே அணைத்துவிட்டு வருவோம். பிள்ளைகள் மட்டும் அதன் நிழலில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொண்டிருக்கும்.

குருவம்மாளின் புருஷன் முத்துப்பாண்டி சுமை தூக்குகிறவன். ஆனைக்குட்டம் பக்கம் ஒரு கிட்டங்கியில் லோடு இறக்கப் போனான். இறக்கும்போதே வெடித்துவிட்டது. பெட்டி உரசியதோ, சித்திரை வெயிலோ, என்ன காரணம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவன் முகத்தைப் பார்க்க அவளை விடவில்லை. காலில் கிடந்த இரும்பு வளையத்தைக் காட்டி, உன் புருஷன்தானா என்று கேட்டார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு கிடைத்ததுதான் ஆயா வேலை. அதனால் கிட்டங்கி என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெருவிளக்கு மனு, பம்பு மனு எல்லாம் கைப்பழக்கம். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் இந்தக் கிட்டங்கியை ஊரைவிட்டு வெளியே மாற்ற வேண்டும் என்ற ஒன்றில்தான் அவள் உயிர் இருந்தது.

எங்கள் பக்கம் மனு கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. எழுதிய காகிதத்தைப் பத்திரகாளி அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு எடுத்து, கோயில் வாசலிலேயே கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். வைத்தவர்கள் திங்கட்கிழமை காலையில் விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குக் கூட வந்தாக வேண்டும். மனுவுக்குக் கூப்பிட்டவர்தான் எல்லோருக்கும் சோறு கட்டி எடுத்து வருவார். கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல் இருந்தவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் போகத் தயங்கும். குருவம்மாள் இந்த விஷயத்தில் மகா கறார். "ஒத்தையில குடுத்தா பிச்சை. கூடிக் குடுத்தாத்தான் மனு" என்பாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் வைகாசியில் அப்படித்தான் தெருவில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டு, ஒரு லோடு ஆட்டோவில் விருதுநகர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் சேதி கம்பெனிக்குப் போயிருந்தது. போர்மேன் கண்ணுச்சாமி தெருவுக்கு வந்தான். அவன் அதட்டவில்லை, மிரட்டவில்லை. மொதலாளிக்கு மனசு கஷ்டமாகிவிட்டது என்றும், இந்த சீசனுக்கு ஆளைக் குறைக்கப் போகிறார் போலிருக்கிறது என்றும் சொல்லி, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். மறுநாள் வேன் இரண்டு பெண்களை ஏற்றாமல் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குருவம்மாள் மறுபடி ஒரு மனுக் காகிதத்தோடு வந்தபோது வீட்டுக்கு வீடு கதவு சாத்தியிருந்தது. அவர்கள் மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. வேனில் ஏறினால்தான் அடுப்பு எரியும். கிட்டங்கி என்றைக்கோ ஒரு நாள் எரியலாம், அடுப்பு தினமும் எரிய வேண்டும்.

அப்போதுதான் காளிராஜ் வந்தான். எங்கள் தெருப் பையன்தான். பி.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி, சிவகாசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். அவன் மகள் ஓவியாவும் அந்தப் பால்வாடியில்தான் இருந்தாள். கம்ப்யூட்டரில் மனு போடலாம், உலகத்தில் எங்கே இருக்கிறவரும் அதில் கையெழுத்துப் போடலாம் என்று அவன் சொன்னதை அவள் முதலில் நம்பவில்லை.

"சித்தி, இங்கன உள்ளவுகதான பயப்படுதாக. வெளியூர்க்காரவுகளுக்கு என்ன பயம்? எந்த மொதலாளி அவுகள வேன்ல ஏத்த மாட்டேன்னு சொல்ல முடியும்?"

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்துப்போனது. அவள் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷில் அடித்தான். கிட்டங்கியை மாற்ற வேண்டும் என்று அவள் சொன்னதையும் எழுதினான். ஆனால் தலைப்பு நெஞ்சைத் தொட வேண்டும் என்பதற்காக, வெடிக்கிடங்கின் நிழலில் இருக்கும் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள் என்று பெரிதாகப் போட்டான். ஓவியாவும் இன்னும் சில பிள்ளைகளும் வேப்பமரத்தடியில் நிற்கிற படத்தையும் சேர்த்தான்.

கையெழுத்து வந்தது. சும்மா சொல்லக்கூடாது, கொட்டோ கொட்டென்று கொட்டியது. சனிக்கிழமை தோறும் குருவம்மாள் பஸ் ஏறிப் போய் அவன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். அவன் பெயரும் ஊரும் வாசிப்பான். பெங்களூர், மெட்ராஸ், கோயமுத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா. அவள் ஒவ்வொரு பெயரையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள். சிலர் கூடவே இரண்டு வரி எழுதியிருப்பார்கள். படித்ததும் அழுதுவிட்டேன் என்பார் ஒருவர், நாங்கள் உங்களோடு இருக்கிறோம் என்பார் இன்னொருவர். அதையெல்லாம் அவன் தமிழில் சொல்லக் கேட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். தெருவுக்கு வந்து எங்களிடம் அந்தப் பெயர்களைச் சொல்வாள். சொந்தக்காரர்கள் பெயரைச் சொல்கிற மாதிரி சொல்வாள். நீங்க போடாட்டா என்ன, எனக்கு ஊர் உலகமே இருக்கு என்ற மிதப்பு அந்த நாட்களில் அவள் நடையிலேயே தெரிந்தது.

நாலாயிரம் தாண்டியதும், அடுத்த வாரம் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறோம் என்று அதில் போட்டுவிடச் சொன்னாள். காளிராஜும் போட்டான். தகவலுக்காகச் சொல்கிறாள் என்று அவன் நினைத்தான். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் வருவார்களா என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. தாலி கட்டியவன் வீட்டுக்கு வருவானா என்று கேட்பது மாதிரி இருக்கும்.

அவள் ஒன்றும் புத்தி இல்லாதவள் அல்ல. அமெரிக்காக்காரர்கள் வர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சிங்கப்பூரையும் கழித்துவிட்டாள். மெட்ராஸ், பெங்களூரில் இருப்பவர்களுக்கு லீவு கிடைக்காது, அதிலும் முக்கால்வாசியைக் கழித்தாள். கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்த பிறகும் நூறு பேராவது வந்துவிடுவார்கள் என்று இருளம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் அண்டாவை வாங்கிவந்து புளிச்சோறு கிண்டினாள். வெளியூர்க்காரர்களுக்குக் காரம் ஆகாது என்று மிளகாயைக் குறைத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அவளும் காளிராஜும் லோடு ஆட்டோவில் அண்டாவோடு விருதுநகர் போய்ச் சேர்ந்தார்கள். காளிராஜ் கையில் நாலாயிரம் பெயரும் அச்சடித்த காகிதக் கட்டு. கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஊர் ஊராகக் கூட்டம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ரேஷன் கார்டுக்கு வந்தவர்கள், பட்டாவுக்கு வந்தவர்கள், சுடுகாட்டுப் பாதைக்கு வந்தவர்கள். குருவம்மாள் வாசலுக்கு எதிரே இருந்த மரத்தடியில் அண்டாவை இறக்கி வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மதுரையிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இரண்டு எட்டு முன்னால் போனாள். பேண்ட் சட்டை போட்டவர், தோளில் பை மாட்டிய பெண் யார் இறங்கினாலும் சிரித்தாள். அவர்கள் யாரோ என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. உள்ளே போகலாம் என்று காளிராஜ் கூப்பிடும்போதெல்லாம் கொஞ்சம் பொறு என்றாள். வெயில் ஏறி, உள்ளே போன கூட்டமெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்கு ஏதோ உறைத்தது.

"யாரச் சித்தி தேடுதீக?"

"கையெழுத்துப் போட்டவுகளத்தான்."

"அவுக வர மாட்டாக சித்தி. அதுல பேரு போட்டா அம்புட்டுத்தான். யாரும் வர்றதில்ல."

"வராதவுக எதுக்குலே கையெழுத்துப் போட்டாக?" என்று கேட்டாள்.

அவள் உள்ளே வர மறுத்துவிட்டாள். காளிராஜ் மட்டும் ஓடிப்போய்க் கடைசி ஆளாகக் கட்டைக் கொடுத்துவிட்டு வந்தான். அவன் திரும்பி வரும்போது அவள் சுடுகாட்டுப் பாதைக்கு வந்த ஊர்க்காரர்களை உட்காரவைத்து இலை போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டவர்கள் காரம் பத்தவில்லை என்றார்களாம்.

அந்தக் காகிதக் கட்டு குப்பைக்குப் போயிருந்தால்கூட நல்லதாகப் போயிருக்கும். போகவில்லை. நாலாயிரம் பெயர், அதுவும் வெளிநாட்டுப் பெயர்கள் என்று பார்த்ததும் ஆபீசில் யாரோ பதறியிருக்கிறார்கள். ஒரு இங்கிலீஷ் பேப்பரிலும் சின்னதாகச் செய்தி வந்தது. தீபாவளி முடிந்து, கிட்டங்கியில் பாதி வெறும் தரையாகக் கிடக்கிற சமயமாகப் பார்த்து அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். நாடா பிடித்து அளந்தார்கள். கம்பெனி லைசென்சைக் காட்டியது. கிட்டங்கி கட்டியது முன்னால், பக்கத்துக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்துப் பால்வாடி வைத்தது பின்னால். லைசென்ஸ் வாங்கிய கிட்டங்கிக்குப் பக்கத்தில் பால்வாடி இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே விதியை மீறியது பால்வாடிதான். குழந்தைகளைக் காப்பாற்றத்தானே கேட்டிருக்கிறீர்கள், காப்பாற்றிவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தை மாதம் பால்வாடியைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்மாய்க்கரையில் இருக்கிற பால்வாடியோடு சேர்த்தார்கள். குருவம்மாளை ஆனைக்குட்டம் பக்கம் மாற்றினார்கள். அவள் புருஷன் செத்த ஊர் என்பது ஆர்டர் போட்டவருக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் மனுவில் ஒரு நல்ல மனுஷர் பேப்பர் செய்தியைப் போட்டு, ஜெயித்துவிட்டோம் என்று எழுதினார். நாலாயிரம் பேருக்கும் வாழ்த்துப் போயிற்று. அப்படி இல்லை, நடந்தது வேறு என்று காளிராஜ் எழுதிப் பார்த்தான். படிக்க ஆள் இல்லை. அதற்குள் அவர்கள் எந்தக் காட்டிலோ யானைகளைக் காப்பாற்றப் போய்விட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவைப் பற்றி ஒரு நிமிஷம் வருத்தப்பட்டார்கள். அந்த ஒரு நிமிஷமும் நிஜம்தான்.

லாரி பறக்கிற ரோட்டைத் தாண்டி மூன்று வயசுப் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது? வேன் நிற்குமா? பெண்கள் பிள்ளைகளுக்கு ஒரு தூக்குவாளியில் சோற்றை வைத்துத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். முன்னாலாவது பால்வாடிக்குள் கதவைச் சாத்தி உட்காரவைக்க ஒருத்தி இருந்தாள். இப்போது கதவும் இல்லை, ஆளும் இல்லை. தெருவில் நிழல் இருக்கிற இடம் அந்த வேப்பமரம் ஒன்றுதான். பிள்ளைகள் கிட்டங்கிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து விளையாடின. ஓவியா அந்தச் சுவரில் கரித்துண்டால் வீடு வரைந்திருந்தாள்.

குருவம்மாள் ஆனைக்குட்டம் போய் வந்தது கொஞ்ச நாள்தான். ஒருநாள் உடம்பு சரியில்லை என்று மதியமே திரும்பியவள், பிள்ளைகள் இருக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. ஒரு கோணிச்சாக்கை விரித்து, சுவருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். சம்பளம் போயிற்று. இந்தக் கூத்தைப் பார்த்து எங்கள் தெருவில் யாரும் கேலி செய்யவில்லை. இருளம்மாள் மட்டும் ஒருநாள் அவளைத் திட்டிவிட்டுத் தன் வீட்டுச் சோற்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

விருதுநகர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் சமயத்தில் ஒரு பெண் காரில் வந்து இறங்கினாள். பெயர் அழகுமீனா. மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. திருவிழாவுக்கு வந்த இடத்தில், தான் கையெழுத்துப் போட்டு ஜெயித்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசையாக வந்திருக்கிறாள். நல்ல பெண். பிள்ளைகளுக்கு பிஸ்கட்டெல்லாம் வாங்கி வந்திருந்தாள். பால்வாடிப் பூட்டையும் சுவரோரம் பிள்ளைகளையும் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. கையெழுத்துப் போட்டவள் என்று கேட்டதும் குருவம்மாள் எழுந்துவிட்டாள். சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள். பிறந்த ஊர் எது என்று கேட்டாள்.

"மல்லாங்கிணறும்மா. அப்பா அங்கதான் வெவசாயம்."

"மல்லாங்கிணறா?" என்றாள் குருவம்மாள். அமெரிக்காவையும் சிங்கப்பூரையும் கழித்தவள் இதை எந்தக் கணக்கில் கழிப்பாள்? "விருதுநகர்ல இருந்து கூப்பிடு தூரந்தான தாயி."

அழகுமீனாவுக்கு அழுகை வந்துவிட்டது. கையெழுத்து ஒன்று போதும் என்று நினைத்துவிட்டேன் என்றாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்றும் சொன்னாள். குருவம்மாள் அவள் தலையைத் தடவி, அழாதீங்க, நீங்களாச்சும் வந்தீகளே என்று தேற்றினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"வர்ற திங்கக்கிழம என்கூட வாறீகளா? ரெண்டு பேரா நின்னாலும் போதும்."

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே மெட்ராஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று, லீவு இல்லை என்றாள் அந்தப் பெண். ஆனால் போனதும் இன்னொரு மனு ஆரம்பிப்பதாகவும், இந்தத் தடவை கிட்டங்கியைப் பற்றி மட்டும் எழுதுவதாகவும், பத்தாயிரம் பேரைப் போடவைப்பதாகவும் சத்தியம் செய்தாள். செய்துமிருப்பாள். குருவம்மாள் சரி தாயி என்று சொல்லிவிட்டு, சுவரோரம் தவழ்ந்துபோன ஒரு பிள்ளையைத் தூக்கிவரப் போய்விட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் தனியாகப் புறப்பட்டாள். சோறு கட்டவில்லை. காளிராஜ் கூட வருகிறேன் என்றதற்கு, நீ பிள்ளைக்காரன், கடையும் இருக்கிறது, கம்பெனிக்காரன் பகை உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இருளம்மாள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுச் சாக்கில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் திரும்பி வந்து குருவம்மாள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். வரிசையில் நின்று அவள் முறை வந்ததும் மனுவை நீட்டியிருக்கிறாள். மேஜையில் இருந்தவர் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். கீழே ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது.

"ஊர் விசயம்ங்கிறீங்க. வேற யாரும் கையெழுத்துப் போடலையாம்மா?"

"போட்டாக சார்" என்றாளாம். "நாலாயிரம் பேரு போட்டாக. வரத்தான் இல்ல."